யாழ்ப்பாண உதைபந்தாட்டமும் மத்தியகள வீரரின் வாழ்வழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உதைபந்தாட்டம் வேரூன்றியது மிஷன் பாடசாலைகளில்தான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையிலும், வெஸ்லியன் மிஷன் யாழ்ப்பாண நகரிலும் பருத்தித்துறையிலும், ஆங்கிலிக்கன் சபை சுண்டிக்குளியிலும், கத்தோலிக்கத் திருச்சபை புனித பத்திரிசியார் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வியை நிலைநிறுத்தியிருந்தன. பாடத்தோடு விளையாட்டும் ஒழுக்கப் பயிற்சியாகக் கற்பிக்கப்பட்டது. சைவ பரிபாலன சபையின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி முதலிய சைவப் பாடசாலைகளும் அதே வழியைப் பின்பற்றின. இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டிலேயே வீரர்களுக்குக் கூலி கொடுப்பது சட்டபூர்வமாகிவிட்டது. ஆனால் குடாநாட்டுக்கு வந்து சேர்ந்தது கூலியில்லாத பாடசாலை ஆட்டம். யாழ்ப்பாணத்து வீரர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைப் பல தலைமுறைகளுக்கு இந்தத் தொடக்கமே தீர்மானித்தது.

அக்கால ஆட்டத்தில் பின்களத்தில் இருவர், நடுவில் மூவர், முன்களத்தில் ஐவர் என்பதே உலகெங்கும் வழக்கமான அணிவகுப்பு. நடுவில் நின்ற மூவரில் மையத்தில் இருந்தவரே இன்றைய மத்தியகள வீரரின் முன்னோடி. எதிரணியின் தாக்குதலை முறிப்பதும், பந்தை மீட்டு முன்னவர்களுக்குக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. 1925இல் ஓஃப்சைட் விதி தளர்த்தப்பட்ட பின் அந்த வீரரைப் பின்களத்துக்கு இறக்கும் முறை இங்கிலாந்தில் பரவியது. நடுக்களம் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் இடமாயிற்று.

பாடசாலை மதிலைத் தாண்டி ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுபோனவை விளையாட்டுக் கழகங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகிய கரையோரக் கத்தோலிக்கக் குடியிருப்புகளில் கடற்றொழிலாளரின் பிள்ளைகளே அணியின் முதுகெலும்பு. குருநகர் பாடும்மீன், பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ் ஆகிய கழகங்கள் இந்த மண்ணில் எழுந்தவை. வலிகாமத்தில் இளவாலை யங்ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் ஆகியவையும், வடமராட்சியில் வதிரி டயமன்ட்ஸ், நவிண்டில் கலைமதி ஆகியவையும் பெயர் பெற்றன. யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை லீக்குகள் இத்தகைய கழகங்களைப் பதிவுசெய்து போட்டிகளை நடத்துகின்றன. கிரிக்கெட்டில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான பெரும்போர் நகரத்தின் விழா என்றால், உதைபந்தாட்டம் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான மானப் பிரச்சினை. தோற்ற அணியின் ஆதரவாளர் மத்தியஸ்தரோடு வாதாடுவதும் அதில் அடக்கம்.

லீக் ஆட்டங்களுக்கு அப்பால், அணிக்கு ஏழு பேர் கொண்ட விலகல்முறைத் தொடர்கள் குடாநாட்டின் தனி வழக்கமாக வளர்ந்தன. கழகத்தின் ஆண்டு நிறைவு, மறைந்த உறுப்பினரின் நினைவு ஆகியவற்றை ஒட்டி நடக்கும் இவற்றில் மைதானம் சிறிது, ஆட்ட நேரம் குறைவு. நெருக்கத்தில் பந்தைக் கட்டுப்படுத்தவும், தூரத்திலிருந்து பலமாக அடிக்கவும் இது நல்ல பயிற்சி. ஆனால் 90 நிமிடம் நடுக்களத்தில் ஓடி, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திறமை பதினொருவர் ஆட்டத்தில்தான் உருவாகும்.

நகரத்தின் பிரதான மைதானம், 1970களின் முதற்பாதியில் மாநகர முதல்வராக இருந்து 1975 ஜூலை 27இல் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. கோட்டைக்கும் முற்றவெளிக்கும் அருகிலிருந்த அது போர்க்காலத்தில் சிதைந்தது. 1999இல் திருத்த வேலையின்போது மண்ணுக்கடியில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்ட மைதானம் 2016 ஜூன் 18இல் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது.

திறமையான வீரருக்குக் குடாநாட்டுக்கு வெளியே இருந்த வழி கொழும்பு. 1905இல் வடபகுதி ரயில் பாதை முடிவடைந்த பின் படித்த யாழ்ப்பாணத்தவர் அரச உத்தியோகம் தேடித் தெற்கே போனார்கள். பந்து விளையாடத் தெரிந்தவர் திணைக்கள அணியிலோ வர்த்தக நிறுவன அணியிலோ சேரலாம். சம்பளம் உத்தியோகத்துக்கு, ஆட்டம் அதன் துணை. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் அரச சேவையின் வாசல் தமிழருக்குக் குறுகியது. அதோடு விளையாட்டு வழியும் குறுகியது. தேசிய அளவில் வலிமை பெற்ற கழகங்களில் இராணுவம், விமானப்படை, கடற்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள் முக்கியமானவை. போர் மூண்ட பின் யாழ்ப்பாண இளைஞருக்கு அந்த முகாம்கள் எட்டாத இடங்கள்.

1990இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ரயில் நின்றது. வலிகாமம் வடக்கின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மயிலிட்டி, பலாலி ஆகிய ஊர்களின் கழகங்கள் மைதானமின்றி இடம்பெயர்ந்த இடங்களில் தொடர்ந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக வெளியேறியபோது லீக்கும் கலைந்தது. வீரர்களிற் பலர் வெளிநாடு போனார்கள். லண்டன், பாரிஸ், டொரொன்டோ, ஒஸ்லோ நகரங்களில் தமிழ்க் கழகங்கள் ஊர்ப் பெயரையும் பாடசாலைப் பெயரையும் தாங்கித் தொடர்களை நடத்தின. லண்டனின் வல்வை புளூஸ் அவற்றில் ஒன்று. புலம்பெயர்ந்தோர் அமைத்த தமிழீழ அணி 2012இல் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கிண்ணத்திலும், கோனிஃபா அமைப்பின் 2014, 2018 உலகப் போட்டிகளிலும் ஆடியது. இவை ஃபிஃபாவின் அங்கீகாரத்துக்கு வெளியே நடந்தவை.

2009இல் போர் முடிந்த பின் மைதானங்களில் மின்னொளி ஆட்டங்கள் பெருகின. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் தேசிய மட்டப் பாடசாலைப் போட்டிகளில் கிண்ணங்கள் வென்று, தேசிய மகளிர் அணிக்கும் வீராங்கனைகளை அனுப்பினார்கள். வடபுலத்து ஆண்களில் மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் கொழும்புக் கழகத்திலும் தேசிய அணியிலும் ஆடி, மாலைதீவின் கிளப் வலென்சியா வரை போனார். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட வடபுலத்தவருக்கு அவர் அரிய முன்னுதாரணம்.

நாட்டின் முதலாவது தொழில்முறைத் தொடர் என்ற அறிவிப்புடன் 2021இல் சுப்பர் லீக் தொடங்கியது. அதன் பத்து கழகங்களில் மூன்று முப்படைகளுடையவை. வடமாகாணத்துக் கழகம் ஒன்றேனும் இல்லை. இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டத்துக்குத் தமிழ் வழித்தோன்றலான மத்தியகள வீரர் வந்தது வேறு பாதையில். வேல்ஸில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் 2006இல் பிறந்த விமல் யோகநாதன், சிறுவயதில் லிவர்பூல் கழகத்தில் பயின்று, பின்னர் பார்ன்ஸ்லியில் சேர்ந்து 2023இல் 17 வயதில் அதன் முதல் அணிக்காகக் களமிறங்கினார். கழகப் பயிலகம், ஒப்பந்தம், மாதச் சம்பளம் என்ற ஏணி அவருக்கு அங்கே தயாராக இருந்தது. குடாநாட்டில் பாடசாலைக்கும் ஊர்க் கழகத்துக்கும் அப்பால் அத்தகைய படி இல்லை. ஆகவே லீக்கில் ஆடும் வீரர் இன்னும் ஆசிரியராகவோ, கடற்றொழிலாளராகவோ, கடை ஊழியராகவோ பிழைத்துக்கொண்டு, வேலை முடிந்த பின்னேரத்தில் மைதானத்துக்கு வருகிறார்.