செய்ததும் நேர்வதும்: இணைய விளையாட்டுகளின் புதுப்பிப்புக் குறிப்புகள்

பிளிஸார்ட் நிறுவனத்தின் 'டயாப்லோ 4' 2023 ஜூனில் வெளிவந்தது. அடுத்த மாதம் 18ஆம் தேதி 1.1.0 என்ற புதுப்பிப்பு வந்தது. அதனுடன் வெளியான குறிப்பு, ஆட்டக்காரர்கள் 'பேட்ச் நோட்ஸ்' என்று சொல்வது, சுருக்கமானதும் அல்ல, மழுப்பலானதும் அல்ல. மாறிய எண்கள் அதில் இருந்தன. பல இடங்களில் வடிவமைப்பாளர்கள் காரணமும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். சில நாட்களில் நேரலையில் தோன்றிய குழுவினர், இப்படியொரு புதுப்பிப்பை இனி வெளியிடமாட்டோம் என்று சொல்லவேண்டியதாயிற்று.

கோபம் முதன்மையாக மாற்றங்களின் மீதுதான். ஆயினும் குறிப்பின் அமைப்பையும் கவனிக்கவேண்டும். கிரிட்டிகல் அடியின் (அவ்வப்போது மிகுந்த வலுவோடு விழும் அடி) சேதம், வல்னரபிள் நிலையில் உள்ள எதிரிக்கு விழும் கூடுதல் சேதம், கூல்டவுன் (ஒரு திறனை மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) குறைப்பு ஆகிய மூன்றும் வெட்டப்பட்டன. மூன்றும் தனித்தனி வரிகளில் கிடந்தன. ஒரு பாத்திரமோ மூன்றையும் ஒருங்கே சுமந்துதான் களத்தில் இறங்குகிறது. கூட்டிப் பார்க்கும் வேலை படிப்பவர் தலையில் விழுந்தது. நிலவறையைவிட்டு வெளியேறும் கட்டளைக்கு 3 நொடி பிடித்தது. அது 5 நொடியாயிற்று. பட்டியலில் இது ஒரு சிறு வரி. இரவெல்லாம் நிலவறை நிலவறையாக ஏறி இறங்குபவருக்கு, ஒவ்வொரு முறையும் கைகட்டி நிற்கும் கூடுதல் 2 நொடி. அடுத்த மாதமே அது பழையபடி 3 நொடியாக்கப்பட்டது.

இத்தகைய குறிப்புகள் புரியாமல் போவதற்கு மொழிநடையைக் காரணம் காட்டுவது வழக்கம். நடை செம்மையாக இருந்தாலும் சிக்கல் தீராது என்பதே என் வாதம். எழுதும் தரப்பு தான் செய்ததைப் பதிகிறது. படிக்கும் தரப்பு தனக்கு நேரப்போவதைத் தேடுகிறது. முன்னதைச் சொன்னால் பின்னது தானே விளங்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான குறிப்புகள் எழுதப்படுகின்றன. அந்த நம்பிக்கை பிழையானது.

'பாத் ஆஃப் எக்ஸைல்' விளையாட்டையே பார்க்கலாம். அதில் நெருப்பு, குளிர், மின்னல் ஆகியவற்றை எதிர்க்கும் திறனுக்கு இயல்பான உச்சவரம்பு 75%. அதாவது 100 அலகு நெருப்புத் தாக்குதலில் 25 அலகுதான் உடலில் விழும். எதிர்ப்புத் திறன் 80% ஆனால் 20 விழும். வாங்கும் அடியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எதிர்ப்பே இல்லாதவர் 5% பெற்றால் 100 என்பது 95 ஆகும். இங்கே குறைவு இருபதில் ஒரு பங்குதான். இரண்டு இடத்திலும் '5% கூட்டப்பட்டது' என்றே குறிப்பில் எழுதலாம், இரண்டும் உண்மைதான். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைப்பது குறைந்தபட்சக் கடமை. அதற்கு மேல், களத்தில் என்ன ஆகும் என்று ஒரு வரியும் வேண்டும்.

அதே விளையாட்டின் 3.19 பதிப்பு 2022 ஆகஸ்டில் வந்தபோது இன்னும் கடுமையான ஒன்று நிகழ்ந்தது. எதிரிகள் கீழே விடும் பொருட்கள் வெகுவாகக் குறைந்திருப்பதை ஆட்டக்காரர்கள் விளையாடித்தான் கண்டுகொண்டார்கள். குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்த அளவு புலப்படவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மிகைக் கூட்டல்களை நீக்கியதன் விளைவு இது என்று நியூசிலாந்தைச் சேர்ந்த தயாரிப்பு நிறுவனம் பிறகு விளக்கியது. இதில் வஞ்சகம் தேடவேண்டியதில்லை. உள்ளே அது ஓர் அமைப்பை இன்னோர் அமைப்பால் மாற்றிய வேலை. வெளியே அது வெறுங்கையோடு திரும்பிய மாலைப்பொழுது. அப்படி வெறுங்கையோடு திரும்பியவருக்குக் குறிப்பில் ஒரு வரியும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகவே திருத்தம் தொடங்கவேண்டிய இடம் எழுத்தரின் மேசை அன்று. குறிப்பை எழுதுபவர் நிரலாளர்களும் வடிவமைப்பாளர்களும் விட்டுச்சென்ற பதிவுகளைக் கடைசியில் தொகுப்பவர். அங்கே இல்லாததை அவரால் எழுத முடியாது. ஒரு மாற்றம் பதிவாகும் அந்த வேளையிலேயே, இதனால் ஆடுபவருக்கு எது வேறாகத் தெரியும் என்று கேட்டு, மாற்றியவரிடமே விடை வாங்கவேண்டும்.

காரணம் சொல்வதும் இதில் சேரும். வால்வ் நிறுவனத்தின் 'டோட்டா 2' குறிப்புகள் நெடுங்காலமாக எண்களை மட்டும் வரிசையாக அடுக்கிவந்தன. ரயட் நிறுவனத்தின் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' ஒரு பத்தியில் நோக்கத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணுக்கு வருகிறது. முன்னது தேர்ந்தவர்களின் கூர்மையை மதிக்கிறது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. எனக்குப் பின்னதே உயர்ந்ததாகப் படுகிறது. நோக்கம் எழுத்தில் இருந்தால்தான், இரண்டு வாரம் கழித்து அது நிறைவேறியதா என்று எவரும் சோதிக்க முடியும். வெறும் எண்ணை அப்படிச் சோதிக்க வழியில்லை.

மாறாததைச் சொல்லவேண்டிய தேவையும் உண்டு; இது பெரும்பாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை. 2006இன் 1.12 பதிப்பை அடியொற்றி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்' 2019இல் உருவானது. அதன் சோதனைக் காலத்தில், பழைய ஆட்டத்தில் இப்படி இருந்ததே இல்லை என்று குறைகள் குவிந்தன. அவற்றுள் பலவும் பழைய ஆட்டத்தில் அப்படியே இருந்தவைதான். டாரன் இனத்தவரின் அடிபடும் பரப்பு மற்ற இனங்களைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது அவற்றுள் ஒன்று. கடைசியில் பிளிஸார்ட் 'இவை பிழைகள் அல்ல' என்றே ஒரு பட்டியல் வெளியிட்டது. என் பார்வையில் அதுவும் ஒரு புதுப்பிப்புக் குறிப்புதான், நல்ல குறிப்பும்கூட: அது படிப்பவர் களத்தில் கண்டதிலிருந்து தொடங்குகிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்ற மறுப்பு ஓர் இடத்தில் மட்டும் செல்லும். ஏமாற்று மென்பொருளைத் தடுக்கும் ஏற்பாட்டை விவரித்தால், அதை உடைப்பவருக்கே வழிகாட்டியதாகும். அங்கேயும் எது மாறியது என்பதைச் சொல்லலாம். எப்படி என்பதை மட்டும் விடலாம். நீளம் கூடும் என்ற மற்றொரு மறுப்புக்கு விடை வரிசைமுறையில் இருக்கிறது: ஆடுபவர் முதல் ஒரு மணி நேரத்தில் உணரப்போகும் மாற்றங்கள் மேலே, கூட்டு விளைவைச் சொல்லும் ஒரு பத்தியுடன், எண்களின் முழுப் பட்டியல் கீழே, ஒன்றும் விடாமல்.