ஸ்பிரிங்கை அறுத்தவர்கள்

உங்கள் கார் தரையைத் தொட்டும் தொடாமலும் போகவேண்டும் என்று ஆசை. கையிலோ காசில்லை. என்ன செய்வீர்கள்?

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில், அமெரிக்காவின் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த மெக்ஸிக வம்சாவளி இளைஞர்கள் முன்னால் நின்ற கேள்வி இதுதான். அப்போது அங்கே ‘ஹாட் ராட்’ மோகம். ஆளாளுக்குக் காரை முடுக்கிக்கொண்டு பறந்தார்கள். இவர்களோ பழைய செவ்ரோலே ஒன்றை வாங்கித் தாழ்த்தி, பளபளவென்று பெயின்ட் அடித்து, விட்டியர் பூல்வார்டில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாக ஓட்டினார்கள். அவசரமே இல்லை. ஊர் பார்க்க வேண்டாமா? தங்களை ஒதுக்கி வைத்த ஊராயிற்றே!

சரி, எப்படித் தாழ்த்தினார்கள்?

முதல் வழி, டிக்கியில் மணல் மூட்டை! கிட்டத்தட்ட இலவசம். ஆனால் மூட்டையை இறக்கினால் கார் மறுபடி நிமிர்ந்துவிடும். அடுத்த வழி, சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிவது. இன்னொன்று, ஸ்பிரிங்கை நெருப்பில் காட்டி அமுங்க வைப்பது.

இங்கேதான் வில்லங்கம். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும். நெருப்பில் காட்டினாலோ உறுதி போய்த் துவண்டுவிடும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் என்றால், அது துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்ஸார்பர். உயரமான ஸ்பிரிங்குக்காகச் செய்த ஷாக், குட்டை ஸ்பிரிங்கோடு சேர்ந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் முட்டி, சீக்கிரமே உயிரை விடும். இன்று கடையில் ரெடிமேடாகத் தாழ்வு ஸ்பிரிங் வாங்குபவருக்கும் இதே பாடம்தான். ஸ்பிரிங்கில் மட்டும் கைவைத்துவிட்டு, பழைய ஷாக்கே போதும் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். ரெண்டும் ஜோடியாகப் பொருந்த வேண்டும்.

கதைக்கு வருவோம். 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியா அரசு ஒரு சட்டம் போட்டது. வாகனச் சட்டம், பிரிவு 24008. மாற்றியமைத்த காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடக் கீழே இருக்கக்கூடாது! அறுத்த ஸ்பிரிங்கை நடுரோட்டில் ஒட்டவா முடியும்? மாட்டினால் அபராதம்தான்.

ரான் அகிரே என்ற இளைஞர் யோசித்தார். விமானத்துக்கான ஹைட்ராலிக் பம்ப்பைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் உட்காரும், இன்னொரு தட்டு... எழுந்து நிற்கும். போலீஸ் வருகிறதா? எழுந்து நில்! அவ்வளவுதான். 1959 வாக்கில் நடந்த இந்தக் குறும்புதான், பிற்பாடு முன்சக்கரம் தூக்கிக் குதித்த ‘லோரைடர்’ கார்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி.

சட்டம்? அது அசையவில்லை. 2023 அக்டோபரில்தான் பிரிவு 24008-ஐ ரத்து செய்யும் மசோதாவில் ஆளுநர் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. போலீஸைப் பார்த்து கார் எழுந்து நிற்க ஒரு நொடி போதும். அந்தக் காருக்குச் சட்டம் வழிவிட அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!