உறுமியும் காவல் வடிகட்டியும்: சிறு வரலாறு



பேராக் ரப்பர் தோட்டங்களில் ஒலித்த உறுமி மேளம், இன்று ஈப்போ வீடுகளில் சப்வூஃபர் வழியாகவும் அதிருது. ஒலியைக் கூட்டினால் சில பெட்டிகள் ‘டக் டக்’குன்னு அடிக்கும். ஏன்?

துளையுள்ள சப்வூஃபர் பெட்டி ஓர் அதிர்வெண்ணுக்கு இசைவாக்கப்பட்டது. அதற்குக் கீழே போனால், பெட்டிக்குள் இருக்கும் காற்று கூம்பைக் கட்டுப்படுத்தாது. மைக்கில் மோதிய காற்று, மேடை அதிர்வு போன்ற 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான அசைவுகள் நம் காதுக்கு எட்டாது. ஆனால் கூம்பை எல்லை மீறித் தள்ளும். கம்பிச்சுருள் அடிபடும், கூம்பின் விளிம்பு கிழியும்.

தீர்வு, உயர் அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டி. இதன் வரலாற்றில் மூன்று படிகளை நினைவில் வைங்க:

1. 1930: பிரிட்டனின் ஸ்டீபன் பட்டர்வொர்த், தேவையான ஒலியைச் சீராக விடும் வடிகட்டிக் கணக்கை வெளியிட்டார்.
2. 1961: ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், துளைப் பெட்டியையும் வடிகட்டியையும் ஒரே கணக்கில் இணைத்தார். 1971இல் அமெரிக்காவில் மறுபதிப்பான பிறகே அது பரவலாகத் தெரிய வந்தது.
3. இன்று: அன்று சுருளும் மின்தேக்கியும் செய்த வேலையை, இலக்கமுறைச் சில்லு எண்களால் செய்யுது.

பெட்டி 30 ஹெர்ட்ஸுக்கு இசைவாக்கப்பட்டிருந்தால், வடிகட்டியை 25 முதல் 28 ஹெர்ட்ஸுக்குள், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் வைக்கலாம். உறுமியின் ஒலி அதற்கு மேலே இருப்பதால் குறையாது.

விடை எழுதும்போது ஆண்டோடு நிறுத்தாதீங்க. ‘எதைக் காக்க, எதைத் தடுத்தார்கள்?’ என்பதையும் எழுதுங்க. அதுதான் இந்த வரலாற்றின் கரு.