கல்லறை: கல்லும் அறையும்

நவம்பர் 2ஆம் தேதி சாயங்காலம் தென்பாண்டிக் கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் வீட்டில் ஆளைப் பார்ப்பது அரிது. ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். அன்று கல்லறைத் திருநாள். ஒரு வாரத்துக்கு முன்பே புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். மாலையில் சாமந்தி மாலை, ஊதுபத்தி, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக் கொளுத்தும் மெழுகுதிரி. சாமியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். பளிங்கு பதித்து, படம் ஒட்டிய கல்லறைகள் சில. செங்கல் கட்டி சிமென்ட் பூசியவை பல. ஓரத்தில் வெறும் மணல்மேடும் ஒரு மரச்சிலுவையும். அந்த மணல்மேட்டின் முன்னால் குந்தியிருக்கும் பெண்ணைக் கேட்டால், "எங்க அம்மா கல்லறை" என்றுதான் சொல்வாள்.

அங்கே கல்லும் இல்லை, அறையும் இல்லை. ஆனாலும் அது கல்லறை. இந்தச் சொல் எங்கிருந்து புறப்பட்டு இந்த மணல்மேட்டுக்கு வந்து சேர்ந்தது?

அறை என்றால் சங்க இலக்கியத்தில் முதலில் பாறை. அகன்ற பாறையை அங்கே அறை என்றுதான் சொல்வார்கள். வீட்டின் ஒரு பகுதியைக் குறிக்கும் அறையும் நம்மிடம் உண்டு. அறுத்துப் பிரித்த இடம் அறை என்று அதை அறு என்னும் வேரோடு சேர்த்துப் பார்க்கலாம். நிலவறை, கருவறை, பள்ளியறை எல்லாம் இந்த வகை. ஆக, கல்லறை என்பது கல்லில் குடைந்த அல்லது கல்லால் கட்டிய அறை, அவ்வளவுதான். சாவின் நிழல் அந்தச் சொல்லுக்குள் இயல்பாக இல்லை. இதற்கு மலையாளத்தில் ஓர் உயிருள்ள சான்று இருக்கிறது. 2011இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி திறக்கப்பட்ட திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் பொக்கிஷ அறைகளை நீதிமன்ற ஆவணங்கள் 'கல்லறை' என்றே குறிப்பிடுகின்றன. அங்கே இருந்தவை பொன்னும் மணியும். மலையாளத்தில் அதே சொல்லுக்குப் புதைவிடம் என்ற பொருளும் உண்டு.

சாவு இந்தச் சொல்லுக்குள் நுழைந்தது விவிலியத்தின் வழியாக என்பது என் துணிபு. இயேசுவின் உடலை வைத்த இடம் மண்ணில் தோண்டிய குழி அல்ல. பாறையில் வெட்டிய அறை. வாசலை ஒரு பெரிய கல்லைப் புரட்டி மூடினார்கள். எருசலேமைச் சுற்றி அப்படிப்பட்ட குகை அறைகள் இன்றும் இருக்கின்றன. அதைத் தமிழில் சொல்ல வந்தவர்களுக்குக் குழி என்றால் போதாது, சுடுகாடு என்றால் பொருந்தாது. கல்லறை அச்சாகப் பொருந்தியது. பிறகு கோயில் மேடையிலிருந்து அந்தச் சொல் இறங்கி, கிறிஸ்தவர் எல்லாருடைய புதைகுழிக்கும் பெயராயிற்று. இன்று அது அந்த வேலியையும் தாண்டிவிட்டது. 'கருவறை முதல் கல்லறை வரை' என்று மேடையில் பேசுபவர்களில் பலர் எரியூட்டப்படப் போகிறவர்கள்.

இதற்கு முன் தமிழர் தம் இறந்தோரை எங்கே வைத்தார்கள்? மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். புகாரின் இடுகாட்டை அப்படி நின்று பார்த்து எழுதிய இன்னொரு பக்கம் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் மதில், நான்கு வாயில். ஒன்றில் நெல்லும் கரும்பும் நீரும் சோலையும் ஓவியமாகத் தீட்டியிருக்கும். இன்னொன்றில் ஓர் ஓவியமும் இல்லாமல் வெறும் வெண்சுதை. மற்றொன்றில் பாசமும் சூலமும் பிடித்த மண் உருவம் முறைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே தவசியருக்கும், மன்னருக்கும், கணவரோடு மாய்ந்த பெண்களுக்கும் செங்கல்லால் எழுப்பிய கோட்டங்கள். எரிப்பவர், வெளியே இட்டுவிடுபவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்பவர், தாழியால் கவிப்பவர் என ஐந்து வழக்கங்களை மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் அடுக்குகிறார். கல்லறை என்ற சொல் அந்த அடுக்கில் இல்லை.

ஆனால் அடைத்து வைக்கும் வழக்கத்தைச் சற்று நின்று பாருங்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் தொல்லியலார் அகழ்ந்த ஈமச்சின்னங்களில் அந்த அறையைக் கண்ணால் காணலாம். நான்கு பெரிய பலகைக் கற்களை நிலத்துக்குள் நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு பலகையும் அடுத்ததன்மேல் முட்டுக்கொடுத்து நிற்கும். எந்தப் பக்கத்து மண் நெருக்கினாலும் உள்ளே சரியாது. ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. மேலே மூடுபலகை, சுற்றிலும் கல்வட்டம். உள்ளே பானைகளும் இரும்புக் கருவிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. தொல்லியலார் இந்த அறையைக் கல்பதுக்கை என்பார்கள், துளையை இடுதுளை என்பார்கள். நிலத்துக்கு மேலே நிற்பது கல்திட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பாறைமேல் கூட்டமாக நிற்பவை இந்த வகைதான்.

ஊர்க்காரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர்கள் வேறு. பாண்டவர் குழி, குரங்குப் பட்டடை, வாலியர் வீடு, மோரியர் வீடு. இந்தப் பெயர்களில் பிணம் இல்லை, இரண்டில் வீடு இருக்கிறது. தமிழ் பேசுவோர் நிறைந்த கேரளத்து மறையூர் மலையில் இதே கல்திட்டைக்கு முனியறை என்று பெயர். அங்கே அறை என்ற சொல் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்த மொழிபெயர்ப்பாளரும் சொல்லித் தரவில்லை. கல்லால் ஆன அறையைப் பார்த்தவன் அறை என்றான். ஆக, சொல் அதன் சாவுப் பொருளில் பிந்தி வந்திருக்கலாம், கல்லால் ஆன அந்த அறை இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

நடுகல் வேறு. அது நினைவுக்கு நட்டது, அடியில் உடல் இருக்கவேண்டும் என்பதில்லை. 2006இல் தேனி மாவட்டம் புள்ளிமான்கோம்பையில் தமிழி எழுத்தோடு கிடைத்த நடுகற்களில் ஒன்று மாடு கவரும் ஆகோள் பூசலில் இறந்த ஒருவனுக்குரியது. அது தன்னை வெறுமனே 'கல்' என்றே சொல்லிக்கொள்கிறது. அப்போது அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. கருமாதிச் சடங்கில் இன்றும் சில வீடுகளில் கல் ஊன்றுவதும் பிறகு எடுப்பதும் உண்டு. அங்கேயும் இறந்தவருக்குப் பதில் நிற்பது ஒரு கல்.

டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டில் அவர்களது கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் புகார் வாயிலில் பாசம் பிடித்து நின்ற அந்த மண் உருவம் எனக்கு நினைவுக்கு வரும். உள்ளே கிடக்கும் கருங்கற்களில் எழுத்துகள் வெட்டிக் குழித்தவை அல்ல, சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு எழுத்தைப் புடைத்து நிற்கவிட்டவை. விரலால் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் தட்டுப்படும். சோழமண்டலக் கரையிலிருந்து இப்படிப்பட்ட கல் அன்றைய படாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும் கப்பலேறியது.

முஸ்லிம் வீடுகளில் யாரும் கல்லறை என்பதில்லை. கபுறு என்பார்கள், இடம் மையவாடி, தலைமாட்டில் நடுவது மீசான் கல். மெரினாவில் 1969இல் அடக்கமான அண்ணாவின் இடத்தை ஊர் சமாதி என்கிறது. அரசர், அரசியர் மேல் எழுந்த கோயிலைச் சோழர் பள்ளிப்படை என்றார்கள். பட்டீசுவரத்தில் பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் எடுத்தது அப்படி ஒன்று. புதைப்பது ஒன்றுதான், யாரைப் புதைக்கிறார்கள் என்பதைச் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

மணல்மேட்டுக் கல்லறைக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது ஆள் வருகிறது. கல்பதுக்கைக்கு யாரும் மெழுகுதிரி கொளுத்துவதில்லை. கல்குவாரிக்காரர் உடைத்துப்போன கல்வட்டங்கள் எத்தனையோ. மூடுபலகை நல்ல நீளமான கல் என்பதால் வாய்க்கால் பாலத்துக்கும் வேலிக்கும் அதை எடுக்கக் கை நீள்கிறது. உங்கள் ஊர்க் கரட்டில் வட்டமாக நட்ட கற்களோ, துளையிட்ட பலகைக் கல்லோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். ஒரு படம் எடுத்து, அந்த இடத்தை ஊர்ப் பெரியவர்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி, மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். அந்தப் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.