ஓரச் சிப்பாய், ஒரே ஒரு கட்டம்

எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா ஆடிய சதுரங்கத்தில் சிப்பாய்க்கு முதல் நடையிலும் ஒரு கட்டம்தான். 'இரண்டு கட்டம் போகலாமாம்' என்று நான் பள்ளியில் கற்றுவந்து சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மீர் சுல்தான் கானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வரும்.

பஞ்சாபின் சர்கோதா பக்கத்துக்காரரான சுல்தான் கானும் அந்தப் பழைய முறையில் ஆடிப் பழகியவர்தான். நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் ஐரோப்பிய விதிகளைக் கற்று, 1929-இல் லண்டன் போனார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933-இலும் அவரே. அங்குள்ளவர்கள் தொடக்க நகர்த்தல்களைப் புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள். இவருக்கு அந்தப் படிப்பு இல்லை. தொடக்கம்தான் இவருடைய பலவீனம் என்றார்கள்.

1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் எதிரே உட்கார்ந்தவர் முன்னாள் உலக சாம்பியன், கியூபாவின் காபாபிளாங்கா. சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்கள். ஐந்தாவது நடையில் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பார்க்கச் சாதாரணம். ஆனால் கறுப்பு மந்திரி வந்து வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போடும் வழி அதோடு அடைபட்டது.

பிறகு காபாபிளாங்காவின் இரண்டு யானைகளும் உள்ளே பாய்ந்தன. சுல்தான் கான் பதறவில்லை. ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளையும் எடுத்துக்கொண்டார். அப்புறம் நிதானமாக நெருக்கி, 60 நகர்த்தல்களுக்கும் மேல் போன ஆட்டத்தில் வென்றார். போட்டியில் யூவே முதலிடம், காபாபிளாங்கா இரண்டாமிடம், இவர் மூன்றாமிடம்.

1933 கடைசியில் ஊர் திரும்பியவர் மீண்டும் ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகவில்லை. 1966-இல் காலமானார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-இல்தான்.

குயின்ஸ் இந்தியன் தற்காப்புக்கு எதிரான அந்த ஒரு கட்ட நடைக்கு இன்று பெட்ரோசியன் பெயர். 1980-களில் காஸ்பரோவ் அதை ஆடிப் பல வெற்றிகள் கண்டார். அது சுல்தான் கானுக்குப் பழைய பழக்கத்தில் வந்ததா, யோசித்து வந்ததா? பழக்கம்தான் என்று தாத்தா அடித்துச் சொல்லியிருப்பார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. வீட்டில் பலகை இருந்தால் அந்த ஆட்டத்தை ஒருமுறை ஆடிப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.