பழைய ஜிபிஎஸ்ஸும் 1024 வாரங்களும்

2019 ஏப்ரல் 6 நள்ளிரவில், வானத்திலுள்ள ஜிபிஎஸ் செய்மதிகள் எல்லாம் தங்கள் வாரக் கணக்கைப் பூச்சியத்துக்குத் திருப்பின. நியூயோர்க் நகரசபையின் வயர்லெஸ் வலையமைப்பு அன்றே விழுந்து, பல நாட்களுக்குப் பிறகுதான் எழுந்தது.

காரணம் சின்னது. செய்மதி "இன்று என்ன திகதி" என்று சொல்வதில்லை. 1980 ஜனவரி 6-இலிருந்து எத்தனையாவது வாரம் என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட். 1023 வரை எண்ணலாம், பிறகு மறுபடி பூச்சியம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை சுழன்றது, 2019-இல் இரண்டாவது முறை. எத்தனையாவது சுற்று என்பதைக் கருவியின் மென்பொருளே ஊகிக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்க ஆளில்லாத கருவி பிழையாக ஊகிக்கும்.

எனக்கு இது தெரியவந்தது மாமாவின் மோட்டார் சைக்கிள் ஜிபிஎஸ்ஸால். தயாரித்த நிறுவனம் அந்த மொடலைக் கைவிட்டுப் பல வருடம். நட்சத்திர ஆணிகளைக் கழற்றி, செத்துப்போன பற்றரிக்குப் பதில் அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் பற்றரி போட்டு, மழைத்தண்ணி போகாமல் றப்பர் வளையத்தைத் திரும்ப இருத்தினேன். இடத்தைச் சரியாகவே காட்டியது, அதற்கு வாரத்துக்குள் ஓடும் நேரம் போதும். திகதி மட்டும் 7168 நாள் பின்னால் நின்றது. ஏழால் வகுத்துப் பாருங்கள். அந்தக் கருவிக்கு எங்கள் ஜூலை நவம்பர், ஆகவே கொளுத்தும் வெயிலில் மாலை 6 மணிக்கே இரவுத் திரைக்கு மாறிவிடும்!

இந்தச் செய்மதிகள் அமெரிக்க இராணுவத்துக்காக ஏவப்பட்டவை. 1983 செப்டெம்பர் 1-இல் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி, 269 பேர் இறந்த பிறகே, பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று றேகன் அரசு அறிவித்தது. கறுப்பு யூலை நடந்து அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பங்களில் பலரை லாச்சப்பலுக்குத் துரத்திய அதே ஆண்டு. திறந்துவிட்ட பிறகும் சிக்னலை வேண்டுமென்றே கெடுத்துத்தான் கொடுத்தார்கள், பிழை 100 மீட்டர் வரை போகும். ரூ காய் தெருவைத் தேடினால் பக்கத்துத் தெருவில் நிற்பீர்கள். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள்.

"எறிஞ்சிட்டு ஃபோனைப் பாருங்கோ" என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். அவர் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர். 1990-இல் போர் திரும்பத் தொடங்கியதும் பெற்றோலும் பற்றரியும் தடை, மின்சாரமும் இல்லை. பிரித்தானியாவில் எப்போதோ உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள், சூடேறியதும் மண்ணெண்ணெயில் போகும். றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், யாராவது மிதித்திருப்பார்கள்.

2021-இல் பிரான்ஸில் ஃபோன், மடிக்கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றில் எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்று பத்துக்குப் புள்ளி போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஜிபிஎஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

வரைபடம்தான் பெரிய தலையிடி. செய்ன் நதியின் வலது கரை வீதி 2016-இலேயே வாகனங்களுக்கு மூடப்பட்டது, ரூ த ரிவோலியில் 2020 முதல் சாதாரண வாகனங்கள் ஊடறுத்துப் போக முடியாது. பழைய வரைபடம் இரண்டுக்குள்ளும் துணிந்து அனுப்பும். தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை மெமரி கார்டில் போட்டேன், இந்தக் கருவி ஏற்றுக்கொண்டது. அதற்கு முதல், மாமா சேமித்து வைத்த இடங்களைக் கணினிக்கு எடுத்துவிட்டேன்: அவர் கோப்பை கழுவிய உணவகம், ரூ பஜோல் பிள்ளையார் கோயில், இப்போது உயிரோடு இல்லாத ஒரு நண்பரின் வீடு. திகதியை மட்டும் திருத்த முடியவில்லை.

புதிய ஜிபிஎஸ் சிக்னல்களில் வாரத்துக்கு 13 பிட், அது 157 வருடம் தாங்கும். பழைய சிக்னலை மட்டும் கேட்கும் கருவிகளுக்கு அடுத்த சுழற்சி 2038 நவம்பரில்.