கருவாட்டில் ஹிஸ்டமின்: ஈர எடைக் கணக்கு புரட்டிப் போடும் வரிசை

கருவாட்டின் தரம் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. சந்தையில் வாங்கிய மாதிரிகளை அரைத்து, மீன் கெடும்போது நுண்ணுயிர்கள் உருவாக்கும் ஹிஸ்டமினை அளக்கிறார்கள். உப்பிடாமல் கடற்கரை மணலில் காய்ந்த நெத்திலியில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய மாதிரிகள் கிடைக்கின்றன. தொட்டியில் உப்பிட்டு அரைகுறையாகக் காயவைத்த அயிலையிலும் சூரையிலும் அளவு அதற்குக் கீழே நிற்கிறது. உடனே பழி மணல்மீதும் வெயில்மீதும் விழுகிறது. உலர்த்தும் முறையை மாற்றினால் நோய் தீரும் என்று பரிந்துரை எழுதப்படுகிறது. அளவீட்டில் எனக்கு ஐயமில்லை. அந்த எண்களை வாசித்த விதத்தில்தான் பிழை இருக்கிறது. சரியாக வாசித்தால் பல இடங்களில் வரிசை தலைகீழாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குமரி மாவட்டத்தின் சின்னமுட்டத்திலோ மணக்குடியிலோ கரையில் நின்று பார்க்கும்போது இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை. அங்கே நெத்திலி காயும் இடம் வேறு, உப்புத் தொட்டி இருக்கும் இடம் வேறு. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, கல் பட்டறைகள் நிறைந்த மயிலாடி போன்ற ஊருக்கு வந்தால் இரண்டும் ஒரே கடவத்தில் (பெரிய ஓலைக்கூடையில்) அருகருகே கிடக்கின்றன. ஒருபுறம் கையிலெடுத்தால் சருகாய் ஒடியும் நெத்திலி. அள்ளினால் விரலிடுக்கில் மணல் நறநறக்கும். மறுபுறம் முதுகு கீறி விரித்த அயிலை; மேலே உப்புப் பூத்து, உள்ளே சதை ஈரமாய், அழுத்தினால் விரல் பதியும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து விற்கிறார்கள். ஆய்வகமும் அதையே செய்கிறது. ஒரு கிலோ நெத்திலியையும் ஒரு கிலோ உப்பு அயிலையையும் ஒரே பொருள்போல எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பக்கம் பக்கமாக அட்டவணை இடுகிறது. இதுவே ஈர எடைக் கணக்கு. நெத்திலிக் கிலோவில் பெரும்பகுதி மீன். அயிலைக் கிலோவில் பாதிக்கு மேல் நீரும் உப்பும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பின்வருபவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். எந்த மாதிரியின் முடிவும் அல்ல. பச்சை மீனில் நீர் 75 விழுக்காடு, திடப்பொருள் 25 விழுக்காடு என்று கொள்வோம். உப்பிடாத நெத்திலி 15 விழுக்காடு ஈரத்துக்குக் காய்ந்திருக்கிறது. மீனின் திடப்பொருள் 85 விழுக்காடு. அதில் ஹிஸ்டமின் கிலோவுக்கு 204 மில்லிகிராம். உப்பு அயிலையில் ஈரம் 40 விழுக்காடு, உப்பு 20 விழுக்காடு, எஞ்சிய மீன்திடம் 40 விழுக்காடு. ஹிஸ்டமின் 150 மில்லிகிராம். 200 என்ற கோட்டை வைத்துப் பார்ப்பவருக்கு நெத்திலி தவறியது, அயிலை தேறியது. இப்போது நீரையும் உப்பையும் கழித்து மீன்திடத்தின்மேல் கணக்கிட்டால் நெத்திலியில் கிலோ திடத்துக்கு 240, அயிலையில் 375. பச்சை மீனுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் நெத்திலி 60 மில்லிகிராமுடன் மணலுக்கு வந்த மீன். அயிலை ஏறத்தாழ 94 மில்லிகிராமுடன் தொட்டிக்குள் இறங்கிய மீன். தேறியதுதான் கூடுதலாகக் கெட்ட மீன். தவறியது, வெறும் நீர் வற்றியதால் எண் பெருத்த, அதைவிட நல்ல மீன்.

உலர்த்துவதால் புதிதாக ஒரு மில்லிகிராம் ஹிஸ்டமின்கூட உருவாகாமலே இந்தப் பெருக்கம் நடந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 25 விழுக்காடு திடம் 85 ஆகும்போது எல்லாமே 3.4 மடங்காகச் செறிகின்றன. புரதம் செறிவதை ஊட்டச்சத்து என்று பாராட்டுகிறோம். ஹிஸ்டமின் செறிவதைச் சுகாதாரக் கேடு என்று எழுதுகிறோம். இரண்டும் ஒரே வெயில் செய்த வேலை.

உப்புக் கரைசலில் ஹிஸ்டமின் கரைந்து வெளியேறும், ஆகவே அயிலைக்கான என் பின்கணக்கு செல்லாது என்று சொல்லக்கூடும். உண்மைதான், ஹிஸ்டமின் நீரில் நன்றாகக் கரையும். தொட்டியில் வடியும் நீரோடு ஒரு பங்கு போய்விடும்; கரையும் புரதமும் சிறிது போகும். ஆனால் அதன் விளைவு என்ன? தொட்டிக்குள் இறங்கியபோது அந்த அயிலையில் 94ஐவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆட்சேபம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அதே கரைசலை அடுத்த மீனுக்கும் பயன்படுத்தும் தொட்டிகளில் வெளியேறிய ஹிஸ்டமின் எங்கே போகிறது என்ற கேள்வியும் எழுகிறது. அது தனி ஆய்வுக்குரியது.

மணலைப் பற்றி ஒரு சொல். அமிலத்தில் கரையாத சாம்பல் என்ற பெயரில் மணலை அளக்கிறோம். வேகவைத்து உப்பிட்டு உலர்த்திய நெத்திலிக்கு அதன் உச்ச அளவு 1.5 விழுக்காடு என்று 2003ஆம் ஆண்டின் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) தரநெறி வைத்திருக்கிறது. நீர்ச் செயற்பாடு 0.75க்கும் உப்பு 15 விழுக்காட்டுக்கும் மேற்படக் கூடாது என்பதும் அதே நெறிதான். இப்போது மேலே சொன்ன 204 மில்லிகிராம் நெத்திலியில் எடைக்கு 4 விழுக்காடு மணல் கலந்திருப்பதாகக் கொள்ளுங்கள். ஆய்வகம் காணும் எண் 196 ஆகிவிடும். மணல் கலந்ததாலேயே தவறிய மாதிரி தேறிவிடுகிறது! ஒரு தரக்குறைபாடு இன்னொன்றை மூடி மறைக்கும் இந்த நிலைமையை ஈர எடைக் கணக்கு அனுமதிக்கிறது; மணலையும் கழித்த மீன்திடக் கணக்கு அனுமதிக்காது. மணல் பல்லில் படும், வயிற்றைக் கெடுக்கும், அதைக் குறைக்க உயர்த்திய தட்டிகளும் சூரிய உலர்த்திகளும் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஹிஸ்டமினுக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவதைத்தான் மறுக்கிறேன்.

இனி, 200 என்ற எண்ணுக்கே வருவோம். இந்தத் துறையில் அது மலைபோல் நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் 2012இல் கூட்டிய வல்லுநர் கூட்டம் அதற்கு ஒரு கணக்கைத் தந்தது. உடல்நலமுள்ள ஒருவருக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் ஹிஸ்டமின் வரை அறிகுறி தோன்றாது என்று கொண்டார்கள். ஒரு வேளையில் ஒருவர் உண்ணும் மீனின் உச்ச அளவை 250 கிராம் என்று எடுத்தார்கள். 50ஐ 250 கிராமால் வகுத்தால் கிலோவுக்கு 200 மில்லிகிராம். கணக்கு நேர்மையானது, எளியது. ஆனால் 250 கிராம் என்ற அந்த எண் கருவாட்டுக்கென்று தனியே எடுத்ததல்ல. 250 கிராம் காய்ந்த நெத்திலி என்பது ஏறத்தாழ 850 கிராம் பச்சை நெத்திலி. மயிலாடியில் உளி பிடித்து உழைக்கும் ஆள் பழங்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பொரித்துவைக்கும் கருவாடு ஒரு பிடிகூட இருக்காது; 30 கிராம் என்று கொண்டாலே தாராளம். அந்த 30 கிராமில், 204 மில்லிகிராம் நெத்திலியானாலும், உள்ளே போவது 6 மில்லிகிராம். வீட்டில் நெத்திலியின் தலையைக் கிள்ளி, மணல் போகப் பலமுறை அலசிவிட்டே சட்டியில் போடுவார்கள். உப்புக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டுவார்கள். கரையும் ஹிஸ்டமினில் ஒரு பங்கு அப்போதே போய்விடும். வேகவைப்பதாலும் பொரிப்பதாலும் அது அழியாது, அலசுவதால் குறையும்.

அப்படியானால் கருவாட்டுக்கு வரம்பை உயர்த்திவிடலாமா? 30 கிராமை வைத்து வல்லுநர் கூட்டத்தின் அதே கணக்கைப் போட்டால் கிலோவுக்கு 1,600ஐத் தாண்டும் ஓர் எண் வரும். அதை நான் பரிந்துரைக்கவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, அந்த 50 மில்லிகிராம் நலமுள்ளவருக்கானது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரை குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதை விழுங்குபவருக்கு மிகக் குறைந்த அளவே முகச்சிவப்பையும் படபடப்பையும் தரலாம். மாதக்கணக்கில் அந்த மாத்திரையில் இருப்பவர்கள் நம் ஊர்களில் அரிதானவர்கள் அல்லர். மருந்துச் சீட்டோடு எந்த மீனைத் தவிர்ப்பது என்று சொல்லும் பழக்கம் இன்னும் பரவலாக வேண்டும். இரண்டாவது காரணம் அடிப்படையானது. வரம்பு இரண்டு வேலை செய்கிறது. கோடெக்ஸ் நெறிகளிலேயே இரண்டு எண்கள் உண்டு: மீன் அழுகியதற்கு அடையாளமாக 100 கிராமுக்கு 10 மில்லிகிராம், உண்பவர் நலனுக்காக 20 மில்லிகிராம். முன்னது மீனைப் பற்றிய கேள்வி, பின்னது மனிதரைப் பற்றிய கேள்வி. மீனைப் பற்றிய கேள்விக்கு மீன்திடமே அடிப்படையாக வேண்டும். மனிதரைப் பற்றிய கேள்விக்கு ஒரு வேளை உண்ணும் அளவு அடிப்படையாக வேண்டும். வாங்கிய நிலையில் ஒரு கிலோ என்பது இரண்டில் எதற்குமே விடை சொல்வதில்லை.

பொருளுக்கேற்ப எண் மாறலாம் என்பதைச் சர்வதேச நெறிகள் ஏற்காமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதி, ஹிஸ்டிடின் மிகுந்த மீன்வகைகளின் பொருள்களுக்குப் பொதுவாக, ஒன்பது மாதிரியில் இரண்டு வரை கிலோவுக்கு 100க்கும் 200க்கும் இடையே இருக்கலாம் என்கிறது. உப்புநீரில் முதிரவைத்த மீனுக்கு அதே எண்களை இரட்டிப்பாக்குகிறது. மீன் சாறுக்கு 2011இல் கோடெக்ஸ் தந்த வரம்பு கிலோவுக்கு 400 மில்லிகிராம். தென்கிழக்கு ஆசியாவின் மீன் சாறு கரண்டி அளவில் உண்ணப்படுவது கணக்கில் வரலாம் என்றால், நாஞ்சில் நாட்டுக் கருவாடு பிடி அளவில் உண்ணப்படுவது ஏன் வரக்கூடாது?

மறுபடி வரிசைக்கு வருகிறேன். நெத்திலியைவிட உப்பு அயிலையின் மூலமீன் மோசமாக இருக்கக்கூடும் என்பது கணக்கில் மட்டும் தோன்றும் விந்தை அல்ல. கரையில் நடப்பதோடு பொருந்துகிறது. கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் வரும் நெத்திலி ஏறத்தாழ உயிரோடு கரை சேர்கிறது. மீன்பாடு பெருகிய நாளில் அன்றே மணலில் விரிக்கப்படுகிறது. அயிலையும் சூரையும் செவுள் வலையில் மாட்டி, வலை இழுக்கும் முன்பே கடல்நீரின் வெப்பத்தில் இறந்து கிடக்கின்றன. பிறகு ஏலத்துக்கு வருகின்றன. விலை போகாத மீன்தான் பெரும்பாலும் நண்பகலுக்குப்பின் உப்புக்குப் போகிறது. காற்றோ நீரோ 28.3 பாகை செல்சியஸைத் தாண்டினால் மீன் இறந்த 6 மணி நேரத்துக்குள் பனிக்கட்டிக்குள் போக வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. மீன்சதையிலுள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக்கும் மார்கனெல்லா போன்ற நுண்ணுயிர்களுக்கு நம் கரையின் வெப்பம் மிக உகந்தது. அந்த 6 மணி நேரம் வலைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. உப்புத் தொட்டியை அடையும்போது அந்த நுண்ணுயிர்களின் நொதி தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கக்கூடும். உப்பு நுண்ணுயிரைத் தடுத்தாலும் உருவான ஹிஸ்டமினைத் திரும்பப் பெறாது.

மாதிரி எடுப்பிலும் ஒரு சமனின்மை உண்டு. நூறு கிராம் நெத்திலியில் எத்தனையோ மீன்கள் கலந்து சராசரியாகிவிடுகின்றன. நூறு கிராம் அயிலை ஒரே மீனாக இருக்கலாம். ஹிஸ்டமின் ஒரே தொட்டி மீன்களுக்குள்ளேயே பெரிதும் மாறுபடும் என்பது தெரிந்ததே. ஆக, அயிலை மாதிரி ஒன்று தேறியது என்பது அந்தத் தொட்டி தேறியது என்பதல்ல.

நான் முன்வைக்கும் கணக்குக்கு வலுவான மறுப்பு கொழுப்பிலிருந்து வரும். சாளையின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் பன்மடங்கு மாறும். கொழுத்த சாளையின் திடப்பொருள் மெலிந்த சாளையினதைவிட நன்றாகக் கூடியிருக்கும். ஹிஸ்டிடின் இருப்பது சதைநீரில், கொழுப்பில் அல்ல. ஆகவே சாளைக்கு மீன்திடத்தில் கொழுப்பையும் கழித்தே கணக்கிட வேண்டும். நெத்திலிக்கு இது பெரிய வேறுபாட்டைத் தராது. உப்பையும் ஈரத்தையும் தனியே அளப்பது ஆய்வகத்துக்குக் கூடுதல் சுமை என்ற ஆட்சேபத்தை நெடிது ஆராய வேண்டியதில்லை. ஹிஸ்டமின் அளக்கும் கருவி உள்ள ஆய்வகத்தில் ஒரு வெப்ப அடுப்பும் வெள்ளி நைட்ரேட்டும் இல்லாதிருக்காது.

ஈரம், உப்பு, அமிலத்தில் கரையாச் சாம்பல் ஆகிய மூன்றையும் ஹிஸ்டமினோடு சேர்த்து வெளியிட்ட பழைய கட்டுரைகளை இன்றே மறுகணக்கிடலாம். புதிய மாதிரிகூட வேண்டாம். அவற்றில் எத்தனை வரிசைகள் புரளும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். உப்பு மீனையும் உப்பிடாத மீனையும் ஒப்பிட்டவற்றில் புரளும் என்றே எதிர்பார்க்கிறேன். அந்த மூன்றையும் வெளியிடாமல் வெறும் ஹிஸ்டமின் எண்ணைத் தந்த கட்டுரைகளை, எந்த உலர்த்தும் முறை மேலானது என்பதற்குச் சான்றாக இனி மேற்கோள் காட்டக் கூடாது. புதிய ஆய்வுகள் மாதிரியைச் சந்தையில் மட்டும் எடுக்காமல், வலையிலிருந்து பிரித்த கணத்திலும் உப்பிலோ மணலிலோ இறங்கும் முன்பும் எடுத்து, அதே மீனை மயிலாடிக் கடவம் வரை பின்தொடர வேண்டும்.